எட்டாவது முத்திரை

"நோ மிசியூ, நோ. சமடி, சமடி."

குசினிக் கதவுக்கு அந்தப் பக்கம் புஷ்பராணி யாரோடோ தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்த உருத்திரமூர்த்தி, ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் சொக்ஸுமாக அப்படியே நின்றுவிட்டார்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. காலை நாலு மணிக்கே தொடங்குகிற ஷிப்ட். ஐம்பத்து நாலு வயது முதுகு. பதினாறு வருடத்தில் அவர் பிடித்துக்கொண்ட பிரெஞ்சு, ஒரு கை நிறைய அள்ளலாம்: இலக்கங்கள், கிழமை நாட்கள், பாரம், கவனம், கோப்பி. அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு கதவில் காதை வைத்தார்.

நாலு சொல் விளங்கியது. மோட்டோ. மொன் மாரி. சமடி. சுவாசாந்த்.

மோட்டோ அவருடைய வண்டி. மொன் மாரி அவரேதான், புருசன். சமடி, சனிக்கிழமை. சுவாசாந்த், அறுபது.

நாலையும் சேர்த்துப் பார்த்தார். சனிக்கிழமை தன் வண்டியை அறுபது டொலருக்கு விற்கிறாள்.

விற்கிறது கூடப் பரவாயில்லை. அறுபது என்பதுதான் நெஞ்சில் போய் இருந்தது. ஹெல்மெட்டே எழுபது.

திடீரென்று புஷ்பராணி சிரித்தாள். அதற்குப் பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. கதவில் காதை ஒட்டியும் ஒன்றும் கேட்கவில்லை. விலை பேசி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மற்றச் சப்பாத்தையும் கழற்றினார்.

இரவுச் சாப்பாட்டில் புஷ்பராணி பிட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு பிரவுண் உறையை வைத்தாள்.

"கடிதம் வந்திருக்கு. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்சன்."

"ம்."

"பெயில் எண்டால் தெரியும்தானே?"

"தெரியும்."

தெரியாமல் என்ன. அந்த வண்டி 1982ஆம் ஆண்டு ஜப்பானில் செய்தது. 1999இல் பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவின் ரொறன்ரோவில், மகள் வித்தியாவைக் கட்டிக்கொடுத்த கையோடு, மருமகனின் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினார். மகளை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்த மனிதரைப் பார்த்துப் புஷ்பராணி மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் ஓர் ஒப்பந்தம் போட்டாள். அரசாங்கம் வருடா வருடம் வண்டியைச் சோதிக்கும். பாஸ் பண்ணுகிற வரைக்கும் ஓடலாம். என்றைக்குப் பெயிலோ அன்றைக்கு வண்டி வீட்டை விட்டுப் போக வேண்டும். அவர் சம்மதித்தார். சம்மதிக்காவிட்டால் ஐந்தாம் நாளும் கதைக்க மாட்டாள்.

பியர்பொன்ட்ஸில் இருந்து டோர்வலுக்கு விடியப்புறம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வண்டியின் அருமை விளங்கும். ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ், நடுவில் கால் விறைக்க ஒரு நிற்பு. வண்டியில் போனால் இருபது நிமிடம். பனிக்காலம் முழுக்க பஸ், மிச்ச ஏழு மாதம் வண்டி. அந்த இருபது நிமிடத்தில்தான் ஒருவரும் அவரிடம் இதைத் தூக்கு, அதை இறக்கு என்று சொல்வதில்லை. அவருக்கென்று ஒரு நாளில் இருந்ததே அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருகிற பிரெஞ்சுக் கடிதமெல்லாம் புஷ்பராணியின் இலாகா. வந்த புதிதில் அவள் எட்டு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள். இவர் வந்த மூன்றாம் நாளே வேலைக்குப் போனார். ஆறு வருடம் அகதி வழக்கு நடத்திய மனிதருக்கு அரசாங்க உறையைக் கண்டாலே எழுந்து நிற்கத் தோன்றும். திறந்து பார்க்கத் தோன்றாது. அவள் வாசித்துச் சொன்னால் அது சட்டம்.

ஏழு வருடமாக ஏழு முறை வண்டி பாஸ். ஒவ்வொரு முறையும் முதல் தரத்திலேயே. கராஜ்காரன் முத்திரை குத்திக் கொடுத்த ஏழு தாள்களையும் பிளாஸ்டிக் உறை போட்டு வீட்டுக் கராஜ் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். பிறந்தநாள் விழா, சாமத்தியச் சடங்கு, எங்கே போனாலும் மேசையில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லாமல் சோறு இறங்காது.

"எண்பத்திரண்டாம் ஆண்டு வண்டி. ஒருக்காலும் பெயில் இல்லை. உங்கட புதுக் காருகள் வருசத்துக்கு எத்தினை தரம் கராஜுக்குப் போகுது?"

காருக்கு அப்படி வருடா வருடம் சோதனை ஒன்றும் இல்லையே என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். கார் நாலு சில்லில் நிற்கும், மோட்டார் சைக்கிளுக்கு இரண்டுதான், அதனால் அரசாங்கம் கவனமாக இருக்கிறது என்று விளக்கம் சொன்னார். கேட்டவர் தலையாட்டினார். இந்தப் பக்கத்துத் தமிழர்களில் அவருக்குத் தெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். மாறிச் சொல்ல ஆளில்லை. வேலையிடத்தில் வண்டி வைத்திருக்கிற ஒரு வெள்ளைக்காரனிடம் உன்னுடையது பாஸா என்று கேட்டிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டு பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னான். இவர் விளங்கினவர் மாதிரி "உவி, உவி", ஓம் ஓம், என்றார்.

அன்றைக்கு இரவு அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கடிதத்தின் மேல் மூலையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை. போன வருடக் கடிதத்திலும் இருந்த மாதிரி ஞாபகம். அரசாங்கக் கடிதத்தின் மேல் கோப்பை வைக்காதே என்று எத்தனை தரம் சொல்லியும் இவள் திருந்தவில்லை என்று நினைத்தார். பிறகு அறுபது ஞாபகம் வந்தது. காலையில் பெயில், பின்னேரம் வாங்குகிறவன் வாசலில். எவ்வளவு நம்பிக்கையாக இருக்கிறாள் பார்.

இந்த முறை ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாதபடி வண்டியைக் கொண்டுபோவது என்று தீர்மானித்தார். பிழை அங்கேதான் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து வண்டியை உருட்டி வெளியே எடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஹோர்ன் மட்டும் சளி பிடித்தவன் மாதிரி இழுத்தது. கேட்கக் கூடியதுதான். விட்டிருக்கலாம். விடவில்லை. கழற்றி, உரஞ்சி, இருந்த ஒரே திருகாணியை இறுக்க, அது முறிந்தது. கடைக்குப் போய்ப் புது ஹோர்ன் வாங்கினார். பூட்டும்போது பார்த்தால் ஒரே நிறத்தில் நாலு வயர். தெய்வம் விட்ட வழி என்று பூட்டிவிட்டுப் பொத்தானை அமத்தினார். சத்தமில்லை. வண்டி உருளப் பார்த்தது, பிரேக்கைப் பிடித்தார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஹோர்ன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

பிரேக்கை விட்டார். ஹோர்ன் நின்றது. பிடித்தார். அடித்தது.

கூட்டாளி ஞானேந்திரனைக் கூப்பிட்டார். ஞானேந்திரன் நோத்ர-டாம்-த-கிரேஸில் அடுக்குமாடிகளுக்கு ஹீட்டர் பூட்டுகிறவர், வயர் என்றால் எல்லாம் வயர்தான் என்ற கொள்கை உடையவர். தன் வேலைக்கு ஓடுகிற வான் வண்டியில் வந்து இறங்கி, குந்தியிருந்து, ஒரு மணித்தியாலம் வேலை செய்தார். முதலில் ஹோர்ன் இடது சிக்னலோடு சேர்ந்து விட்டு விட்டு அடித்தது. பிறகு ஒன்றையும் தொடாமலே அடித்தது. அதை நிற்பாட்டப் பியூஸைப் பிடுங்க, முன் லைற்றும் சேர்ந்து செத்தது. பொழுது படுகிற நேரம் ஞானேந்திரன் எழும்பி, நாரி வலிக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணை, ஒரு மாதிரித் திருப்பி முந்தின நிலைமைக்குக் கொண்டு வந்திட்டன்."

"எந்த நிலைமை?"

"பிரேக் பிடிச்சால் ஹோர்ன் அடிக்கும்."

புஷ்பராணி தேத்தண்ணியோடு வந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள், நிலத்தில் பரவிக் கிடந்த வயர்த் துண்டுகளையும் பார்த்தாள்.

"நல்லாய் இருந்த வண்டியை ஏன் இப்பிடிப் பாடுபடுத்துறியள்? இருந்தபடி கொண்டு போங்கோவன்."

உருத்திரமூர்த்தி தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். அவள் உள்ளே போனதும் ஞானேந்திரனிடம் மெல்லச் சொன்னார். இருந்தபடி கொண்டுபோனால்தானே பெயிலாகும். பெயிலானால்தானே அறுபது டொலர்க்காரன் வருவான். ஞானேந்திரனுக்குக் கவலையாகிவிட்டது. ஒரு மனிதன் ஏழு வருடம் பாஸ் பண்ணிவிட்டு எட்டாம் வருடம் வீட்டுக்குள் இருந்தே தோற்கடிக்கப்படுவது சரியில்லை என்றார். நாளைக்குத் தானும் வானில் பின்னால் வருவதாகச் சொன்னார்.

திட்டமும் அவருடையதுதான். கராஜுக்குக் கிட்டப் போனதும் ஹோர்ன் வயரைக் கழற்றிவிடுவது. உள்ளே சோதிக்கிறவன் ஹோர்ன் பொத்தானில் கை வைக்கிற நேரம் உருத்திரமூர்த்தி ஒரு இருமல் இரும வேண்டும். வெளியே வானுக்குள் இருக்கிற ஞானேந்திரன் தன் ஹோர்னை ஒருக்கால் அடிப்பார்.

உருத்திரமூர்த்தி வாழ்க்கையில் ஒரு பரீட்சையிலும் பார்த்து எழுதாதவர். ஆனால் அன்றைக்கு அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

சனிக்கிழமை விடியத் தூறல். ஹெல்மெட்டோடு வெளியே வந்தவர் வண்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார். முன் லைற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். நம்பர் தகட்டில் மூன்று குறி திருநீறு. புஷ்பராணி முன் ரயருக்குக் கீழே ஒரு தேசிக்காயை வைத்துவிட்டு எழும்பினாள். முந்தின ஏழு வருடமும் இதைச் செய்ததில்லை.

வேள்விக்குக் கொண்டுபோகிற கடாவுக்கும் இப்படித்தான் மாலை போட்டு மஞ்சள் தெளிப்பார்கள் என்று அவருக்கு நினைவு வந்தது.

"இதென்ன, இந்த முறை விசேசம்?"

"அந்தப் பழைய பிரெஞ்சுக்காரன் இல்லையாம். புது ஆளாம். அதுதான்."

புது ஆள் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தார். மழை பலத்தது. அவள் உள்ளே போய்விட்டாள். வாசலுக்குள் எட்டி, மேசையில் கிடந்த பிரவுண் உறையை மட்டும் எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வருடமும் கொண்டுபோனதில்லை. இன்றைக்குப் பிரச்சினை வந்தால் அரசாங்கம் கூப்பிட்டுத்தான் வந்தேன் என்று காட்டலாம்.

தேசிக்காய் சிதறியது. பயணம் தொடங்கியது. பிரேக் பிடித்தால் ஹோர்ன் என்பதால் பிரேக் பிடிக்காமல் ஓடப் பார்த்தார். சிவப்பு லைற்றைத் தூரத்தில் கண்டதுமே வேகத்தைக் குறைத்து, கடைசியில் இரண்டு காலையும் நிலத்தில் தேய்த்தார். சப்பாத்துக்குள் தண்ணீர் போனது. ஓரிடத்தில் குறுக்கே நடந்த மனிசிக்காகப் பிரேக் பிடித்தே ஆக வேண்டி வந்தது. மனிசி நடுத்தெருவில் நின்று, வழிவிட்டதற்கு நன்றி சொல்வதா, ஹோர்ன் அடித்ததற்கு ஏசுவதா என்று யோசித்து, ஏசினாள். மழையில் சந்தனம் கரைந்து மட்காட்டில் மஞ்சளாக வடிந்தது.

நோத்ர-டாம்-த-கிரேஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் கராஜ். சந்தியில் நிறுத்தி வயரைக் கழற்றினார். ஞானேந்திரன் வானை எதிர்ப்பக்கம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினார்.

மற்ற வருடங்களில் அந்தப் பிரெஞ்சுக் கிழவன் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுவான். இவர் வெளியறையில் இரண்டு மணித்தியாலம் கோப்பி குடித்துக்கொண்டு இருப்பார். பிறகு கிழவன் முத்திரை குத்திய தாளோடு வந்து "பெல் மோட்டோ", நல்ல வண்டி, என்று தோளில் தட்டுவான். இன்றைக்கு நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. "போன்ஜூர்" என்றார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"உருத்திரமூர்த்தி அண்ணையோ? நான் சவிரிமுத்து. கிழவன் நத்தார்ப் பண்டிகையோட வேலையை விட்டிட்டுது, மாசியில இருந்து நான்தான். உள்ளுக்கு வாங்கோ, மழைக்குள்ள ஏன் நிக்கிறியள்?"

தமிழன். வெள்ளைக்காரனை ஏமாற்றினால் பிடிபட்டு வெட்கப்படலாம். தமிழன் என்றால் அடுத்த ஞாயிறு கோயிலிலும் வெட்கப்பட வேண்டும்.

சவிரிமுத்து முன் லைற்றில் மிச்சமிருந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தார். செயினை இழுத்துப் பார்த்தார். பின் சில்லை ஆட்டிப் பார்த்தார். எஞ்சினை முறுக்கினார். புகை நேராக உருத்திரமூர்த்தியின் முகத்துக்கு வந்தது.

அவர் இருமினார். அடக்கப் பார்த்து இன்னும் இரண்டு தரம் இருமினார்.

வெளியே வான் மூன்று தரம் ஹோர்ன் அடித்தது.

சவிரிமுத்து நிமிர்ந்து வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தார். பின் லைற்றைப் போட்டுப் பார்த்தார். புகை இன்னும் அடங்கவில்லை. இருமல். ஹோர்ன். பிரேக் வயரைத் தொட்டார். இருமல். ஹோர்ன். தெருவில் யாரோ பிரெஞ்சில் கத்துவது கேட்டது. எட்டிப் பார்த்தால், நாயோடு வந்த ஒரு கிழவர் வானின் கண்ணாடிக்குள் தலையை விட்டு ஞானேந்திரனை ஏசிக்கொண்டிருந்தார். ஞானேந்திரன் இரண்டு கையையும் தூக்கி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சவிரிமுத்து ஹோர்ன் பொத்தானை அமத்தினார்.

உருத்திரமூர்த்தி இருமினார். இன்னும் பலமாக இருமினார். கராஜ் அமைதியாக இருந்தது.

"அண்ணைக்குத் தண்ணி ஏதும் வேணுமோ?"

"வேண்டாம் தம்பி." அவர் பக்கத்தில் கிடந்த பழைய ரயரின் மேல் உட்கார்ந்தார். சப்பாத்துக்குள் தண்ணீர் சளக்கென்றது. "பெயில் எண்டு எழுதும். வானில இருக்கிறவர் என்ர கூட்டாளி. வயரைக் கழட்டினது நான்தான். களைச்சுப் போனன். பின்னேரம் அறுபது டொலருக்கு வண்டியை எடுக்க ஆள் வருது, நான் நாளையில இருந்து பஸ்ஸில போறன்."

சவிரிமுத்து தாடையைச் சொறிந்தார். பிறகு குந்தியிருந்து, இரண்டு வயரைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். ஐந்து நிமிடம் செல்லவில்லை. பொத்தானை அமத்தினார், ஹோர்ன் அடித்தது. பிரேக்கைப் பிடித்தார், அடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் மேசை லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்தார்.

உருத்திரமூர்த்தி எழும்பிவிட்டார். பெயிலான வண்டியை நின்ற நிலையில் திருத்தி பாஸ் போடுவது முறையில்லை என்றார். தமிழன் என்பதற்காக அரசாங்க விசயத்தில் விளையாடக் கூடாது, சவிரிமுத்துவுக்கும் வேலை போய்விடும் என்றார். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு, நனைந்து போன பிரவுண் உறையை நீட்டினார்.

"இதில என்ன சட்டம் எழுதியிருக்கெண்டு வாசிச்சுப்போட்டுக் குத்தும்."

சவிரிமுத்து கடிதத்தை விரித்தார். தேநீர் வட்டத்துக்குக் கீழே இருந்த திகதியைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார். திரும்பவும் திகதியைப் பார்த்தார். முத்திரையை மெல்ல மேசையில் வைத்தார்.

"அண்ணை, இது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுக் கடிதம், ஒன்ராறியோவில வாங்கின வண்டியை இஞ்ச பதியிறதுக்கு முந்தி ஒருக்காக் காட்டச் சொன்னது. வருசா வருசம் மோட்டச்சைக்கிளைச் சோதிக்கிற சட்டம் எண்டு இந்த மாகாணத்தில ஒண்டும் இல்லை. அக்காதான் ஒவ்வொரு சித்திரையும் போன் எடுத்து நாள் வைக்கிறவவாம், கிழவனும் கதவைச் சாத்தித் திருத்திப்போட்டுத்தான் முத்திரை குத்தினதாம், வியாழக்கிழமை நான் ‘தேவையில்லை’ எண்டு பிரெஞ்சில மறிக்க, அவவும் பிரெஞ்சிலயே என்னோட சண்டை பிடிச்சு, பேரைச் சொன்னாப் பிறகுதான் ரெண்டு பேரும் தமிழெண்டு கண்டு சிரிச்சு, பிரெஞ்சில சொன்னதையே தமிழிலயும், ‘மனிசன் பத்திரமாய் ஓட வேணும், அறுபது டொலர் வரைக்கும் என்னைக் கேக்காமல் திருத்துங்கோ, என்ன பிழை இருந்தாலும் பெயில் எண்டு மட்டும் அந்த மனிசனுக்குச் சொல்லிப் போடாதேங்கோ’ எண்டவ."

இப்போது உருத்திரமூர்த்தி பியர்பொன்ட்ஸில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, எட்டாவது முத்திரைத் தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறார். உள்ளே போனதும் புஷ்பராணி வழக்கம்போல "பாஸோ, பெயிலோ?" என்று கேட்பாள். தெரிந்த மாதிரிச் சொல்வதா, தெரியாத மாதிரியே இருந்து அடுத்த சித்திரையிலும் போவதா? நீங்கள் அந்த இடத்தில் நின்றால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து பதில் எழுதுங்கள். கொஞ்சம் கெதியாக எழுதினால் நல்லது, மனிதர் மழைக்குள் நிற்கிறார்.